டம்ளரில் ஒரு காசு

ஜனவரி 3

இந்த வீடு கட்டி நாற்பது வருடமாகிறது. போன பங்குனி வரை ஒரு முட்டை கூட இதன் வாசற்படியைத் தாண்டியதில்லை. இப்போது பின்னறையில் எத்தனை மீன் கிடக்கிறது என்று எனக்கே தெரியாது.

மருமகள் இசக்கியம்மாள் இந்த மாதத்து மீன்களை இன்று கொண்டு வந்தாள். பாபநாசத்திலிருந்து கொக்கிரகுளம் வரை தாமிரபரணியில் நான்கு இடங்களில் வலை போட்டுப் பிடித்தவை. ஒவ்வொன்றும் ஒரு பையில், பைக்குள் ஒரு சீட்டு. அவள் பல்கலைக்கழகத்தில் வனவிலங்கு, மீன், பாதுகாப்பு உயிரியல் என்று மூச்சு வாங்கும் பெயருள்ள எம்.எஸ்ஸி. படிக்கிறாள். இரண்டாம் வருடம். வகுப்பில் மற்றவர்கள் எல்லோரும் இவளை அக்கா என்கிறார்களாம். துறையின் ஃபிரீசரில் பிறருடைய பாம்பும் பறவையும் நிறைந்துவிட்டதால் இவள் மீனுக்கு இடமில்லை. ஐஸ்கிரீம் கடைக்காரர் ஒருவர் கழித்துப் போட்ட பெட்டி ஃபிரீசரை வாங்கி வந்து பின்னறையில் வைத்திருக்கிறாள். அதன் பக்கவாட்டில் ஒரு குழந்தை நாக்கை நீட்டி ஐஸ்கிரீம் நக்குகிறது. மூடியைத் திறந்தால் கெளுத்தி.

அனுமதி கொடுத்தது நான்தான். பின்வாசல் வழியாக வர வேண்டும். குளிக்காமல் அடுக்களைக்குள் கால் வைக்கக் கூடாது. இரண்டையும் இதுவரை மீறவில்லை.

“ஆச்சி, ஐயா இருந்திருந்தாகன்னா இந்தப் பெட்டியோட சேத்து நம்ம மூணு பேரையும் ரோட்டுல நிறுத்திருப்பாக” என்றாள் வேலைக்காரி சண்முகத்தாய். ஐயா என்பது என் கணவர். மின்வாரியத்தில் செயற்பொறியாளராக ஓய்வு பெற்றவர். காலமாகி எட்டு வருடம். அவர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பதைச் சண்முகத்தாய் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் மனத்தாங்கல். என் மகன் காந்திமதிநாதனின் முதல் பிறந்தநாளுக்குப் பெயர் வெட்டி வாங்கிய எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டு போய் அந்த மீன்களுக்கு நடுவே வைத்திருக்கிறாள். அதில் தண்ணீர் உறைந்து கிடக்கிறது. அதன் மேல் ஒரு காசு. வைத்த அன்றே கேட்டேன்.

“வேற டம்ளரே கெடைக்கலியா உனக்கு?”

“இருக்கட்டும் அத்தை. அவுக காவல் இருக்கட்டும்.”

அவன் போய் வருகிற மாதத்தோடு மூன்று வருடம். டெங்கு என்றார்கள், ஐந்து நாளில் முடிந்துவிட்டது. இப்படிப் பதில் சொல்கிறவளிடம் மேற்கொண்டு என்ன பேசுவது? விட்டுவிட்டேன்.

அவன் அவளை இசை என்று கூப்பிடுவான். நான் முழுப் பெயரையே சொல்வேன். பெயரைக் குறுக்குவது எங்கள் கான்வென்ட்டில் அனுமதிக்கப்படாத காரியம்.

ஜனவரி 9

இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஆய்வேட்டின் இரண்டாம் இயலைத் திருத்தினேன். இசக்கியம்மாளின் மூளை கூர்மையானது. ஆங்கிலம் அப்படியல்ல. ஒரு வாக்கியம் ஆரம்பித்த இடத்தை அது முடிவதற்குள் மறந்துவிடுகிறாள். சிவப்பு மையால் திருத்தினேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். வீடுகளில் கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்யப் பாசி தின்னும் ஒரு மீனை வளர்க்கிறார்கள். கறுப்பாக, முதலைத் தோலோடு, பார்க்கவே சகிக்காது. வளர்ந்து பெரிதானதும் ஆற்றில் கொண்டு விட்டுவிடுகிறார்கள். எங்கோ தென்னமெரிக்காவில் பிறந்த மீன் இப்போது தாமிரபரணியில் பெருகிவிட்டது. அது பாசியையும் முட்டையையும் தின்று தீர்த்தால் நம் ஊர்க் கெண்டையும் கெளுத்தியும் எதைத் தின்கின்றன? மாதாமாதம் பிடித்து வயிற்றைக் கீறிப் பார்த்தால் தெரியும். பன்னிரண்டு மாதத்து மீனும் சேர்ந்த பிறகு ஒரே சமயத்தில் கீறிப் பார்ப்பதாக ஏற்பாடு. அதுவரை அவை உறைந்தபடியே இருக்க வேண்டும்.

“வெளிய இருந்து வந்தது உள்ள இருக்கதைப் பட்டினி போடும். இதுக்கு ஒரு பட்டமா? என்னைக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேனே” என்றேன்.

அவள் சிரித்தாள். “நான் வந்து உங்களை எங்க அத்தை பட்டினி போட்டேன்? ராத்திரி எட்டு மணிக்கு மேல நீங்கதான் என்னையப் பட்டினி போடுதீய. அந்தக் கமாவை வச்சிட்டு எந்திரிங்க.”

அவளுடைய கைடு, ஆங்கிலம் யார் பார்த்தது என்று கேட்டாராம். அத்தை என்று சொன்னாளாம். அவர் நம்பவில்லையாம். அவருடைய ஆங்கிலத்தையும் நான் பார்த்திருக்கிறேன். நம்பாததில் ஆச்சரியமில்லை.

அவள் ஏழரைக்கு வருவாள். நான் ஏழு மணிக்கே கண்ணாடியைத் துடைத்து, சிவப்புப் பேனாவை எடுத்து வைத்துவிடுவேன். ஒழுங்கு என்பது அதுதான்.

ஜனவரி 18

மாதப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை மின்தடை. பேப்பரில் போட்டிருந்தது. இசக்கியம்மாள் விடியற்காலையிலேயே ஆட்டோவில் ஐஸ்கட்டி கொண்டு வந்து பெட்டிக்குள் அடுக்கிவிட்டு, மேலே பழைய கம்பளியைப் போர்த்தினாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கூட இப்படிப் போர்த்த மாட்டார்கள்.

மின்சாரம் வந்ததும் முதல் வேலையாக மூடியைத் திறந்து அந்த டம்ளரைத்தான் எடுத்துப் பார்த்தாள். “காசு மேலதான் இருக்கு” என்று முகமெல்லாம் மலர்ந்து சொன்னாள்.

“அதென்ன, பூசையா?”

“ஆமா அத்தை. ஒரு மாதிரி பூசைதான்.”

படித்தவள். சோழியைக் குலுக்கிப் பார்ப்பது போலக் காசு பார்க்கிறாள்.

ஜனவரி 27

கேஸ் சிலிண்டர் வந்தது. முழங்காலுக்குத் தைலம் தீர்ந்துவிட்டது. மூன்றாம் இயல் பாதி.

பிப்ரவரி 2

சாப்பிடும்போது சொன்னாள். டேராடூனில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் அவளை எடுத்துக்கொள்கிறார்களாம். ஐந்து வருடம். மே மாதத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் ஜூலையில் சேர வேண்டியதுதான். கைடு எழுதிப் போட்டு, கம்ப்யூட்டரில் பேட்டி கண்டு, எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு இன்றுதான் தெரிகிறது.

“கெடைக்குமான்னு தெரியாம உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு இருந்தேன் அத்தை.”

“கெடச்சிட்டுல்லா.”

“நீங்களும் வாங்களேன். குவார்ட்டர்ஸ் கொடுப்பாக. குளிரு மட்டும்தான்.”

“நான் எதுக்கு? அங்கேயும் ஒரு பின்னறை வேணுமா?”

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அவுக இருந்தா ரொம்பச் சந்தோசப்பட்டிருப்பாக” என்றாள்.

நல்லது என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவினேன்.

இவளைப் படி என்று சொன்னது நான். அவன் இறந்த வருடம் இவளுடைய அம்மா வந்து, “எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன் மதினி” என்று வாசலில் நின்றபோது, இவள் படிக்கப் போகிறாள் என்று சொல்லித் திருப்பி அனுப்பியது நான். விண்ணப்பத்தை நிரப்பியதும் நான். பல்கலைக்கழகம் டவுன்பஸ்ஸில் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பி வரும் தூரம்.

பிப்ரவரி 3

தோசை மாவில் உப்புப் போட மறந்துவிட்டேன். சண்முகத்தாய் சொல்லித்தான் தெரிந்தது.

பிப்ரவரி 11

மூன்றாம் இயல் முழுவதும் பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை. இரண்டாவது முறையும் பார்த்தேன். இல்லை. ஏழரைக்கு வந்து உட்கார்ந்தாள். “சரியாத்தான் இருக்கு, எடுத்துக்கோ” என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தலைவலி என்று சொன்னேன்.

பிப்ரவரி 19

கடைசிச் சுற்று மீன் பிடிக்க 22ஆம் தேதி பாபநாசம் போகிறாள். இதோடு பன்னிரண்டு மாதம் நிறைகிறது. திரும்புவது 26 மாலை.

“27 அவுக நாள்லா அத்தை. அதுக்குள்ள எப்படியும் வந்துருவேன். பூ நான் வாங்கிட்டு வாரேன். நீங்க அலைய வேண்டாம்.”

அவன் இறந்தது 27ஆம் தேதி. ஆனால் எங்கள் வீட்டில் திதி கொடுப்பது பஞ்சாங்கப்படி. மாசி மாதம் வளர்பிறை நவமி. இந்த வருடம் அது 24இல் வருகிறது. போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் நான் நாள் பார்த்துச் சொன்னேன், இவள் குளித்துவிட்டு வந்து நின்றாள். திதி என்பது இங்கிலீஷ் தேதி அல்ல என்று ஒரு மருமகள் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா? எறும்புக்கும் தவளைக்கும் லத்தீன் பெயர் தெரிகிறது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பிப்ரவரி 24

திதி. மைத்துனர் மகன் சங்கரன்கோவிலிலிருந்து வந்து எள்ளும் தண்ணீரும் இறைத்தான். “மதினி எங்க பெரியம்மை?” என்று கேட்டான். ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்றேன்.

மந்திரம் சொல்லும்போதெல்லாம் பின்னறையிலிருந்து அந்தப் பெட்டியின் உறுமல் கேட்டது. இத்தனை மாதம் இவ்வளவு சத்தம் கேட்டதில்லை. ஒரு வாடையும் வந்தது. உறைந்த மீனுக்கு வாடை கிடையாது என்று அவள் சொல்வாள். எனக்கு வந்தது. என் பிள்ளைக்குச் சோறு படைக்கிற நாளில், சுவருக்கு அந்தப் பக்கம் வயிறு கீறக் காத்திருக்கும் உடல்கள்.

பதினொரு மணி முதல் பின்னறையில் மின்சாரம் இல்லை.

வாடை போகட்டும் என்று பெட்டியின் மூடியைத் திறந்து வைத்தேன். ஜன்னலையும் திறந்தேன். நல்ல வெயில்.

உளுந்தைக் கிரைண்டரில் ஆட்டினேன். சண்முகத்தாய் வழித்துக் கொடுத்தாள். வடை நன்றாக வந்தது. மைத்துனர் மகன் இலையிலிருந்து எழுந்திருக்கவே மனமில்லாமல் எழுந்தான். மாலையில் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு சற்றுப் படுத்தேன்.

பிப்ரவரி 25

மாலை பின்னறைக்கு மின்சாரம் வந்தது. மூடியை மூடினேன்.

சண்முகத்தாய் தரையைத் துடைத்து இரண்டு முறை வாளி மாற்றினாள். “என்ன ஆச்சி இது, தாமிரவருணியே வீட்டுக்குள்ள வந்த மாதிரி” என்றாள். வேலையைப் பார் என்றேன்.

பிப்ரவரி 26

இருட்டும் நேரத்தில் வந்தாள். முகம் கறுத்து, காலில் முள் கிழித்து, ஆனால் வாயெல்லாம் பல். எனக்கு மலைவாழைப் பழம் ஒரு சீப்பு. பின்வாசலிலிருந்தே பேச ஆரம்பித்துவிட்டாள்.

“அத்தை, முடிஞ்சிது! பன்னெண்டு மாசம்! இன்னைக்கு வலையில ஒண்ணு வந்தது பாருங்க, மூணு மாசமாக் கண்ணுலயே படாத கெண்டை. எல்லாம் போயிட்டுன்னுதான் நெனச்சேன். இருக்கு அத்தை, ஆத்துல இன்னும் இருக்கு.”

புது மீன்களை வைக்கப் பின்னறைக்குள் போனாள். பேச்சு நின்றது. நான் பழத்தைச் சீப்பிலிருந்து ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

டம்ளரோடு வந்தாள். குளிக்காமல், கால் கழுவாமல், நேராக அடுக்களைக்குள். முதல் முறை. தொட்டியில் குழாயைத் திருகி டம்ளரைத் தண்ணீரில் காட்டினாள். ஐஸ் நழுவி அவள் உள்ளங்கையில் விழுந்தது. காசு அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“கரண்டு போச்சா அத்தை?”

“போச்சு.”

“எவ்வளவு நேரம்?”

“கொஞ்ச நேரம்.”

“கொஞ்ச நேரத்துல இது நடக்காது. தண்ணிய உறைய வச்சு, அது மேல காசை வச்சிருந்தேன். பனி உருகாத வரை காசு மேலேயே இருக்கும். உருகுனா அடியில போயிரும். பெறகு எத்தன தடவ உறைஞ்சாலும் மேல வராது. நாம இல்லாதப்ப என்ன நடந்துதுன்னு தெரியுறதுக்கு வைக்கிறது.” பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். குரலில் ஒன்றுமே இல்லை. “முழுசா உருகிருக்கு அத்தை.”

பன்னிரண்டு மாதமாக ஏதோ விளையாட்டு என்று நினைத்திருந்தேன். ஒரு வீட்டுக்குள் ஒரு பொருளைக் கொண்டு வைக்கிறவள் அது எதற்கு என்று வீட்டுக்காரியிடம் சொல்ல வேண்டாமா?

பிப்ரவரி 27

காலையில் குளித்துப் புடவை கட்டி, பையில் அரளி மாலையோடு அவன் படத்துக்கு முன் வந்து நின்றாள். படத்தில் 24ஆம் தேதி மாலை வாடித் தொங்கியது. நான் கழற்றியிருக்க வேண்டும்.

“திதி எப்ப அத்தை?”

“நவமி. செவ்வாக்கெழமையே வந்துட்டு.”

“எங்கிட்டச் சொல்லலியே.”

“பஞ்சாங்கம் ஆணியிலதான் தொங்குது.”

மாலையைப் படத்துக்குப் போடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்துச் சண்முகத்தாய் விளக்குமாற்றோடு வந்தாள்.

“என்னம்மா, மீனெல்லாம் போச்சாமே. பாவம், எத்தன மாசப் பாடு!”

“அன்னைக்கு எப்ப கரண்டு போச்சு அக்கா?”

“கரண்டா? திதி அன்னைக்கா? எங்க போச்சு? ஆச்சி கிரைண்டர்ல உளுந்து ஆட்டுனாக, நான்லா வழிச்சேன். அப்பெறம் ஆச்சி ஃபேனைப் போட்டுட்டு...” அவள் என் முகத்தைப் பார்த்தாள். “எனக்கு என்ன தெரியும்? நான் வாசல் பக்கம் பெருக்கப் போறேன்.”

விளக்குமாற்றின் சத்தம் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது.

“அத்தை, ஏன்னு நான் கேக்கல” என்றாள் இசக்கியம்மாள். “எத்தன மணி நேரம்னு மட்டும் சொல்லுங்க. அடியில கெடந்த பையெல்லாம் உருக நேரமாகும். அரை நாளுன்னா அடியில உள்ளதையாவது எடுத்துக்கலாம், கைடு ஒத்துக்கிடுவாரு. மூணு மாசம் குறைஞ்சாலும் எழுதிருவேன். ஒரு நாள்னா எல்லாம் கூழுதான், எது எதைத் தின்னுச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. எனக்கு அந்த நேரம் மட்டும் வேணும். வேற ஒண்ணும் வேண்டாம்.”

“எனக்கு ஞாபகமில்லை” என்றேன்.

என் ஞாபகத்தைப் பற்றி அவளுக்குத் தெரியும். பத்து வருடத்துக்கு முன் கல்யாண வீட்டில் அவள் அம்மா கட்டியிருந்த புடவையின் கரை என்ன நிறம் என்று நான் சொன்னபோது கைதட்டிச் சிரித்தவள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து, அரளியைச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

பிப்ரவரி 28

போன வாரம் எழுதியதைத் திரும்பப் படித்தேன். கான்வென்ட்டில் சிஸ்டர் எவாஞ்சலின் எங்களுக்கு முதலில் கற்பித்தது, எழுத்தில் பொய் கூடாது என்பது. வாயால் சொன்னது காற்றோடு போகும், எழுதியது நிற்கும் என்பார். நான் பொய் எழுதவில்லை. பின்னறையில் மின்சாரம் இல்லை என்றுதான் எழுதியிருக்கிறேன். உண்மையிலேயே இல்லை.

மார்ச் 3

கைடிடம் போய் மீன் உருகிவிட்டது என்று அவளே சொல்லிவிட்டாளாம்.

“யார் உன்னைச் சொல்லச் சொன்னா?” என்று கேட்டேன். “திரும்ப உறைஞ்சிட்டுல்லா. பாக்க முன்ன மாதிரிதான இருக்கு. கீறிப் பாத்துத் தெரிஞ்சதை எழுது. அந்த மனுசனுக்கு என்ன தெரியப் போகுது?”

உண்மையாகவே எனக்குப் புரியவில்லை. ஆய்வேடு முடிய வேண்டாம் என்று நான் எப்போதாவது சொன்னேனா? மூன்று இயலையும் பார்த்துக் கொடுத்தது நான்.

“கூழைப் பாத்து இது பாசி, இது முட்டைன்னு நானா இட்டுக்கட்டி எழுதணும். நீங்க அதுல கமா திருத்திக் கொடுப்பீய. அப்படித்தான?”

இவள் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

டேராடூன் இடம் வேறு ஒருவருக்குப் போகிறது. அடுத்த வருடம் மறுபடி முயலலாமாம். மீன்களைத் திரும்ப முதலிலிருந்து பிடிக்க வேண்டும். இன்னும் பன்னிரண்டு மாதம்.

பன்னிரண்டு மாதம் என்பது ஒன்றும் பெரிய காலமல்ல.

மார்ச் 5

கத்திரிக்காய் நன்றாக இருந்தது, கூடுதலாக வாங்கினேன். எண்ணெய்க் கத்திரிக்காய் அவளுக்குப் பிடிக்கும். மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். வெயில் காலத்தில் அந்த அறை கொதிக்கும், ஜன்னலுக்குத் தட்டி போட வேண்டும். பின்னறைக்கு இன்வெர்ட்டர் வைத்தால் என்ன செலவாகும் என்று கடையில் கேட்டேன்.

மார்ச் 6

இசக்கியம்மாள் மீன்களையெல்லாம் தென்னைக்குப் பக்கத்தில் புதைத்தாள். சண்முகத்தாய் உதவுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். ஒவ்வொரு பையாகப் பிரித்து, சீட்டைத் தனியே எடுத்து வைத்து, மீனைக் குழிக்குள் போட்டாள். ஒரு கூடை சீட்டு சேர்ந்தது. நான் அடுக்களை ஜன்னலில் நின்றேன். முடித்துவிட்டு மண்வெட்டியைக் கழுவினாள். குளித்தாள். அதன் பிறகுதான் உள்ளே வந்தாள்.

எண்ணெய்க் கத்திரிக்காயைத் தொடவில்லை. பசியில்லையாம்.

மார்ச் 9

விடுதியில் இடம் வாங்கிவிட்டாள். துறையிலும் ஃபிரீசரில் ஒரு தட்டு ஒதுக்கிவிட்டார்களாம். இத்தனை நாள் இல்லாத இடம் இப்போது எப்படி வந்தது என்று கேட்டேன்.

“கேட்டா கெடைக்கும்னு இப்பதான் தெரிஞ்சிது” என்றாள். “இத்தன நாளும் இடம் இருக்கான்னு நான் சரியாக் கேக்கவே இல்ல அத்தை. வீட்டுலயே வச்சிக்கிட்டா ஏழரைக்கு வந்துறலாம்லா, அதான்.”

இதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று எழுத அவசியமில்லை.

இரண்டு பெட்டி, ஒரு மடிக்கணினி, வலை. இத்தனை வருடத்துக்கு அவ்வளவுதான். கல்யாணப் பட்டு மாடி பீரோவில்தான் இருக்கிறது. “இருக்கட்டும், பெறகு எடுத்துக்கிடுதேன்” என்றாள். ஆட்டோ வந்தது. என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். ஒரு குறையும் வைக்கவில்லை. அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது.

பையிலிருந்து அந்த டம்ளரை எடுத்து என் கையில் கொடுத்தாள். புளி போட்டு விளக்கியிருந்தாள். உள்ளே காசு கிடந்தது.

“இது உங்ககிட்ட இருக்கட்டும் அத்தை. அங்க காவல் வேண்டாம். ஜெனரேட்டர் இருக்கு.”

“ஆய்வேடு?”

“இந்தத் தடவ நானே எழுதிப் பாக்கேன்.”

“வாக்கியத்தை நீளமா எழுதாதே” என்றேன். “ஆரம்பிச்ச எடம் மறந்து போகும்.”

“சரி அத்தை.”

ஆட்டோ திரும்பும்போது சண்முகத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஏட்டி, அடுப்புல பால் இருக்கு” என்றேன்.

மார்ச் 14

ஐஸ்கிரீம் பெட்டியைப் பழைய சாமான்காரன் எடுத்துப் போனான். படத்தில் இருந்த குழந்தையைப் பார்த்து, “பேத்தியா ஆச்சி?” என்று கேட்டான். வேடிக்கையாம்.

பின்னறையை டெட்டால் போட்டுக் கழுவினோம். இப்போது வாடையே இல்லை. சத்தமும் இல்லை. பூசை அறையில் உட்கார்ந்தால் சுவர்க் கடிகாரம் கேட்கிறது.

மார்ச் 22

வெள்ளையடிக்கிறவன் வந்தான். வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். தென்னைக்கடியில் பக்கத்து வீட்டுப் பூனை இரண்டு மண்ணைப் பறிக்கின்றன. கல்லைத் தூக்கி வைத்தேன். முழங்கால் வலி.

ஏழு மணிக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். பழக்கம்.

மார்ச் 31

அவளிடமிருந்து போன் வந்தது. சாப்பிட்டீயளா, தைலம் வாங்குனீயளா, வெயிலில் அலையாதீய. முதல் மாதத்து மீன் பிடித்துவிட்டாளாம். வேறு செய்தி இல்லை. பாட்டரி தீர்கிறது என்று வைத்துவிட்டாள்.

எத்தனை மணி நேரம் என்று இந்தத் தடவை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். இனி அவளுக்கு அது எதற்கு?

ஏப்ரல் 6

எதற்கென்று இல்லை. அவன் டம்ளரில் தண்ணீர் பிடித்து, என் ஃபிரிட்ஜின் ஐஸ் அறையில் வைத்தேன். காலையில் உறைந்திருந்தது. மேலே காசை வைத்தேன். சண்முகத்தாய் ஐஸ் எடுக்கப் போய்ப் பார்த்துவிட்டு, “இது என்ன ஆச்சி, பூசையா?” என்று கேட்டாள். அதைத் தொடாதே என்றேன்.

ஏப்ரல் 7

காசு மேலே இருக்கிறது.

ஏப்ரல் 15

சித்திரைப் பிறப்புக்கு இசை வரவில்லை. களப்பணியாம். பாயசத்தைச் சண்முகத்தாய் தூக்குவாளியில் எடுத்துப் போனாள்.

ஏப்ரல் 19

இன்று மின்தடை இல்லை. காசு மேலே இருக்கிறது.